தறித் தெருவில் ஒரு பிட்காயின் மெஷின்

பெங்களூரிலிருந்து வந்த என் தம்பி, ஆட்டோவை விட்டு இறங்கும்போது கையில் ஒரு அட்டைப்பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டிருந்தான். துணிப்பையை ஆட்டோவிலேயே மறந்துவிட்டு மறுபடி ஓடினான்.

"அக்கா, இத இனிமே நீதான் வச்சுக்கணும்" என்றான். உள்ளே இருந்தது ஒரு பழைய பிட்காயின் மைனிங் மெஷின். நீளமான தகரப் பெட்டி, இரண்டு முனையிலும் ஒவ்வொரு விசிறி. அவன் குடியிருக்கும் அடுக்குமாடியில் அது போடும் இரைச்சலைக் கேட்டு மேல்வீட்டுக்காரர், கீழ்வீட்டுக்காரர் எல்லாரும் சண்டைக்கு வந்துவிட்டார்களாம்.

"உங்க தெருவுல வச்சா ஒருத்தருக்கும் கேக்காதுக்கா."

அது உண்மைதான். அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் விசைத்தறி ஓடாத வீடு குறைவு. எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே என் கணவரின் தறிக்கூடம். தறி ஓட ஆரம்பித்துவிட்டால் வாசலில் நின்று கூப்பிடுவது அடுப்படிக்குக் கேட்காது. போன் வந்தால் மாடிக்கு ஓட வேண்டும்.

நான் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்துகிறவள். பிட்காயின் ஏறியது, இறங்கியது என்று செய்தியில் கேட்டதோடு சரி, அது எப்படி உண்டாகிறது என்று யோசித்ததே இல்லை. தம்பி காபியை ஆறவிட்டு விளக்கினான். மெஷின் ஓயாமல் எண்களைப் போட்டுப் போட்டுப் பார்க்கும். உலகத்தில் எவருடைய மெஷின் சரியான எண்ணை முதலில் பிடிக்கிறதோ அவருக்குப் புது பிட்காயின். தனியாகத் தேடினால் ஆயுள் போதாது என்பதால் பலர் ஒரு குழுவாகச் சேர்ந்து தேடுவார்கள். யாருக்கு அகப்பட்டாலும் அவரவர் மெஷின் செய்த வேலைக்குத் தக்கபடி பங்கு.

என் கணவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "என்னமும் பண்ணு. தறி லைன்ல மட்டும் மாட்டாத. அது தறிக்குன்னு சலுகையில குடுத்த கரண்டு." ஆகவே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வீட்டு லைனிலிருந்து பின்னறைக்குத் தனி வயர் இழுத்தேன்.

தம்பி ஊருக்குப் போன பிறகுதான் மெஷினை உயிர்ப்பிக்க நேரம் கிடைத்தது. அவன் போனில் சொல்லச் சொல்ல நான் செய்ய வேண்டும். கீழே இருந்தால் அவன் பேசுவது கேட்காது, மாடியில் இருந்தால் மெஷின் இல்லை. மாடியில் ஒரு வரி கேட்டு, படியிறங்கி அதைச் செய்து, மறுபடி ஏறி அடுத்த வரி கேட்டேன். குழுவின் முகவரியை ஓர் எழுத்து தப்பாக அடித்ததில் இன்னும் ஒருமுறை ஏறினேன். கடைசியில் பச்சை விளக்கு எரிந்தது. முழங்கால் வலியோடு கைதட்டிக்கொண்டேன்.

தம்பி சொன்னபடி ஒருத்தருக்கும் கேட்கவில்லை, தெருவே தறிக்கு லீவு விட்ட அமாவாசை வரைக்கும். அன்று காலை எங்கள் பின்னறை மட்டும் ஊளையிட்டது. எதிர்வீட்டு அக்கா இடுப்பில் குடத்தோடு வந்து நின்றார்.

"என்னத்தா, வீட்டுக்குள்ள பிளேன் இறங்கியிருக்கா?"

காட்டினேன், விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப நம்பர் விழுந்தாத்தான் துட்டு. சீட்டு குலுக்குறது மாதிரி" என்றார். நான் பத்து நிமிடம் பேசியதை அவர் குடத்தை இறக்காமலே சொல்லிவிட்டார்.

பிரச்சினை சத்தத்தில் வரவில்லை, பஞ்சில் வந்தது. ஒருநாள் மத்தியானம் நான் சமைத்துக்கொண்டிருந்தபோது என் கணவர் தறியை விட்டு எழுந்து வந்தார்.

"ஒன் மெஷின் நின்னுபோச்சு பாரு."

அத்தனை தறிக்கு நடுவில் அது நின்றது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "ஒரு மாசமா கேக்குறேன்ல? அது ஒரு சுருதில போகும்" என்றார். அதைப் பிடிக்காத மாதிரியே இத்தனை நாள் இருந்தவர். எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ போலவும் இருந்தது.

திறந்து பார்த்தால் விசிறியில் பஞ்சுத் தூசி மெத்தை மாதிரி அப்பியிருந்தது. சுத்தம் செய்துவிட்டு, முன்பக்கம் ஒரு துணியைக் கட்டினேன். காற்று போகாமல் மெஷின் கொதித்து மறுபடி நின்றது. துணியை அவிழ்த்துவிட்டுக் கொசுவலை கட்டினேன். ஓடியது. வாரம் ஒருமுறை வலையைத் தட்டுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை ஆயிற்று.

குழுவிலிருந்து முதல் பங்கு வந்த அன்று போனைக் கணவரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"புள்ளிக்கு அப்புறம் எல்லாம் சைபராவுல்ல இருக்கு?"

"கடைசியில பாருங்க. அங்க இருக்கு."

"ஆமா, இருக்கு" என்றார், வயலில் முளை விட்டதைப் பார்த்தவர் மாதிரி.

பிறகு கரண்டு பில் வந்தது. மெஷின் சம்பாதித்ததைவிடத் தின்றது அதிகம் என்று அதில் தெளிவாகத் தெரிந்தது. சித்திரை வெயிலும் சேர்ந்துகொண்டது. பரளச்சிக் கிராமத்துப் பக்கமிருந்து வரும் காற்று அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி இருக்க, பின்னறையில் மனிதரே நிற்க முடியவில்லை, மெஷின் என்ன செய்யும்? இனி மார்கழி, தை மாதக் காலை வேளையில் மட்டும் ஓட்டுவது என்று முடிவு செய்து, துணி போர்த்தி மூடினேன். எங்கள் ஊரில் புறா வளர்ப்பவர்கள் தீனிச் செலவுக்கு வரவு தேடுவதில்லை. ஆனால் புறாவுக்கு அளவாகத்தான் தீனி போடுவார்கள். மெஷினுக்குக் கரண்டும் அப்படித்தான்.

சும்மா இருக்கக் கை வரவில்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு குட்டி மெஷினை வாங்கினேன். அது எந்தக் குழுவிலும் சேராமல் தனியாகவே எண்களைத் தேடுகிறது. கரண்டு ஒரு சின்ன பல்பு அளவுகூட எடுக்காது, சத்தமும் இல்லை. அகப்பட்டால் முழுப் பிட்காயினும் நமக்கு, அகப்படாது என்பதும் எனக்குத் தெரியும்.

சாப்பாட்டு மேசையில் அதை வைத்த அன்று என் கணவர் காபித் தம்ளரோடு எதிரே உட்கார்ந்து, அதன் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எந்த நம்பரப் போட்டுப் பாக்குது?"

"நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கோடிக்கணக்குல தாண்டிரும்ங்க."

திரையில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. காபியைக் குடித்து முடித்து, தம்ளரை அதன் மேல் படாமல் தள்ளி வைத்தார்.

"ஓடட்டும்" என்று சொல்லிவிட்டுத் தறிக்கூடத்துக்குப் போனார்.