ஜீப்புக்குப் பின்னால் ஜெனரேட்டர்

எங்கள் பக்கத்தில் குவைத்துக்குப் போய்த் திரும்புகிற பெண்கள் முதலில் மாடி வீடு கட்டுவார்கள். இல்லையென்றால் மகளுக்கு நகை எடுப்பார்கள். என் மனைவி ஒரு ஜீப் வாங்கினாள். அதுவும் புது ஜீப் இல்லை. மிலிட்டரிக்காரர்கள் ஏலத்தில் விட்ட, நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப். கூடவே திருப்பதியில் ஒரு லாட்ஜுக்காரர் வேண்டாமென்று ஒதுக்கிய டீசல் ஜெனரேட்டர்.

நான் அப்போது சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சீசனில் வேலை இருக்கும், மற்ற மாதங்களில் கிடைத்த கூலிக்குப் போவேன். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் தலைமுறை தலைமுறையாக சொந்தமாகக் கையகல நிலம் கிடையாது. அவள் திரும்பி வந்தால் நிலம் வாங்கலாம் என்று நான் மனதுக்குள் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன்.

"இன்னாமே இது? நெலம் வாங்கலாம்னு தானே பேசிக்கினு இருந்தோம்?" என்றேன், வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்து.

"நெலத்துல தண்ணி எங்க கீது மாமா? தண்ணி இருந்தா மோட்டாருக்கு கரெண்டு எங்க கீது?" என்றாள். "ரோட்டு மேல பாரு, எத்தினி கல்யாண மண்டபம் கட்டிக்கினு கீறாங்க. தாலி கட்டுற நேரத்துல கரெண்டு போச்சினா அவங்களுக்கு யாரு குடுப்பாங்க?"

அவள் சொன்னது உண்மை. தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ரோடு முழுக்கப் புதுப்புது மண்டபங்கள், லாட்ஜுகள், டிஷ் வைத்த கடைகள். எல்லாம் வந்திருந்தது, கரெண்டு மட்டும் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லர் கட்டி இழுக்கிற யோசனை அவளுக்குக் குவைத்தில் வந்தது. அவள் வேலை செய்த வீட்டுக்காரர்கள் குளிர்காலத்தில் பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்கப் போவார்களாம். பெரிய நாலு சக்கர வண்டி, பின்னால் டிரெய்லர். அதில் தண்ணீர் பீப்பாய், ஜெனரேட்டர், பாத்திரம், பாய் எல்லாம் ஏறும். டிரெய்லரைக் கொக்கியில் மாட்டும்போது பின்னால் நின்று கைகாட்டுவது இவள் வேலை. இடம், வலம், போதும், நிறுத்து என்று கையாலேயே பேசிப் பேசி, எந்தப் பக்கம் ஸ்டீரிங்கைத் திருப்பினால் டிரெய்லர் எந்தப் பக்கம் போகும் என்பது அவளுக்குப் படிந்துவிட்டது. வண்டிக்குள் உட்கார்ந்து ஓட்டியது கிடையாது. வெளியே நின்று பார்த்தே கற்றுக்கொண்டிருந்தாள். வீட்டு வேலைக்கென்று போன இடத்தில் இதையும் கவனித்து மனதில் வாங்கி வைத்துக்கொள்ள எத்தனை பேருக்குத் தோன்றும்?

புத்தலப்பட்டில் ஒரு வெல்டரிடம் டிரெய்லர் செய்யக் கொடுத்தோம். இரண்டு சக்கரம், மேலே இரும்புச் சட்டம், அதில் ஜெனரேட்டர். வேலை முடிந்ததும் வீட்டுக்கு நான்தான் ஓட்டிவந்தேன். ஃபேக்டரி வேனை ஓட்டி எனக்குப் பழக்கம் உண்டு; அவளுக்கு அப்போது லைசென்ஸ் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ரோடு லேசாக இறங்குகிற இடத்தில் கொஞ்சம் வேகம் எடுத்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ ஜீப்பைப் பிடித்து ஆட்டுவதுபோல் இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசிக்கொண்டு வருகிறது. எதிரே ஒரு பஸ். என் கால் தானாக பிரேக்குக்குப் போனது.

"பிரேக்க தொடாத மாமா! ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடு! ஸ்டீரிங்க நேரா புடிச்சிக்கோ, திருப்பாத!"

காலை எடுத்தேன். பஸ் எங்களை உரசாத குறையாகக் கடந்துபோனது. வேகம் குறையக் குறைய ஆட்டமும் குறைந்து, கடைசியில் ஒரு புளியமரத்தடியில் நின்றோம். எனக்குச் சட்டை முழுக்க வேர்வை. அவள் இறங்கிப்போய் டிரெய்லரைச் சுற்றி வந்தாள்.

"மூக்குல வெய்ட்டே இல்ல, பாரு" என்று கொக்கிப் பக்கத்தை ஒரு கையால் தூக்கிக் காட்டினாள். "எல்லா பாரமும் வாலுல கீது. குவைத்துலயும் ஒருக்கா இப்டித்தான் ஆடுச்சி. அந்த வீட்டு சேட்டு வண்டிய நிறுத்தி தண்ணி பீப்பாயெல்லாம் முன்னாடி தள்ளிவெச்சாரு. அப்பறம் ஆடவே இல்ல."

வண்டியைத் திருப்பி, மெதுவாக உருட்டிக்கொண்டு வெல்டரிடமே போனோம்.

"சைலென்சர் பொக உங்க மூஞ்சிக்கு வரக்கூடாதேன்னு எஞ்சின பின்னாடி திருப்பி வெச்சேன்க்கா" என்றார் அவர். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். எஞ்சின் பக்கத்தை முன்னால் வருகிற மாதிரி மாற்றி, புகைக்குழாயை மேலே நீட்டிக் கொடுத்தார். அடுத்த நாள் எங்கள் ஃபேக்டரியில் கேட்டுக்கொண்டு, லாரி எடைமேடையில் ஜீப்பைத் தனியாக, டிரெய்லரைத் தனியாக நிறுத்திப் பார்த்தோம். டிரெய்லரின் மூக்கை மட்டும் மாம்பழக் கிரேட் நிறுக்கிற தராசில் வைத்து அவள் பார்த்தபோது வேலையாட்கள் எல்லாரும் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஜீப் இழுக்கக்கூடிய பாரத்துக்குள்தான் மொத்தமும் இருக்கிறது என்று தெரிந்தபிறகே அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

பிரேக் இல்லாமல் டிரெய்லரை ரோட்டில் இழுக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். சித்தூர்ப் பக்கம் கிரானைட் குவாரிகளில் காற்று கம்ப்ரஸர் வண்டிகள் உண்டு. அந்தமாதிரி உடைந்த வண்டி ஒன்றிலிருந்து வெல்டர் ஒரு பிரேக் கொண்டுவந்து பொருத்தினார். இறக்கத்தில் டிரெய்லர் ஜீப்பை முட்டித் தள்ளினால், அந்தத் தள்ளலிலேயே டிரெய்லர் சக்கரத்தைப் பிடிக்கிற பிரேக் அது. கொக்கி தவறினாலும் பிடித்துக்கொள்ள இரண்டு சங்கிலி, பின்னால் சிவப்பு லைட்டு, இண்டிகேட்டர் எல்லாம் வந்தது.

அடுத்தது பேப்பர். எங்கள் பக்கத்தில் டிரெய்லருக்கு யார் அப்போது நம்பர் வாங்கினார்கள்? "அதெல்லாம் எவன் கேக்கப்போறான்?" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. முதலில் தனக்கு லைசென்ஸ் எடுத்தாள். அறுவடை முடிந்த ஒரு வேர்க்கடலைக் காட்டில் காலையிலும் சாயங்காலமும் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ரிவர்ஸ் பழகினாள். ஸ்டீரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்வாள். டிரெய்லர் எந்தப் பக்கம் போகவேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துவாள். ஆரம்பத்தில் ஜீப்பும் டிரெய்லரும் கத்தரிக்கோல் மாதிரி மடிந்து மடிந்து நின்றன. சலிக்காமல் முன்னே எடுத்து மறுபடி ஆரம்பிப்பாள். ஆடு மேய்க்கிறவர்கள் வரப்பில் உட்கார்ந்து பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்கே அலுத்துப்போனது, அவ்வளவு நேராகப் போக ஆரம்பித்துவிட்டது.

டிரெய்லரைப் பதிவு பண்ண ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எடுத்துப்போன அன்று, பிரேக் இன்ஸ்பெக்டர் லைட்டெல்லாம் போட்டுப் பார்த்தார். குனிந்து சங்கிலியைப் பார்த்தார். பிறகு என்னிடம், "நீங்க ரிவர்ஸ் எடுத்து அந்தச் சுவத்தோரம் நிறுத்துங்க" என்றார்.

"ஓட்டறது நான் இல்ல சார், இவங்க" என்றேன்.

அவள் முதலில் இறங்கிப்போய், பின்னால் தள்ளும்போது பிரேக் பிடித்துக்கொள்ளாமல் இருக்க அதன் கொண்டியைப் போட்டாள். பிறகு ஏறி, ஒரே எடுப்பில் டிரெய்லரைச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினாள். இன்ஸ்பெக்டர் தெலுங்கில், "பாகுந்தம்மா, சால பாகுந்தி" என்று பாராட்டிவிட்டு, பக்கத்து அறையில் இருந்தவர்களையும் கூப்பிட்டு, இன்னொரு முறை எடுத்துக் காட்டச் சொன்னார். அவளும் காட்டினாள். எனக்கு அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

கல்யாணங்கள், காணிப்பாக்கம் திருவிழாவுக்குக் கடை போடுகிறவர்கள், கட்சி மீட்டிங்குகள் என்று ஆர்டர் வர ஆரம்பித்தது. ஆனால் அவளைப் பற்றி நினைக்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது கல்யாணம் எதுவும் இல்லை. மழை பொய்த்த ஒரு கோடையில் நடந்தது.

ஒரு நாள் காலையில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கார்வேட்டிநகரத்துக்கு அப்பால் மலைமேல் ஒரு சின்ன ஊர். வந்தவர்களில் பெரியவர், "மா ஊர்லோ நீள்ளு லேவம்மா" என்று தெலுங்கில் தொடங்கினார், ஊரில் தண்ணீரே இல்லையாம். ஊருக்கே ஒரு போர்வெல்தான். டிரான்ஸ்பார்மர் எரிந்துபோய் மோட்டார் ஓடவில்லை, புது டிரான்ஸ்பார்மர் எப்போது வரும் என்று தெரியவில்லை, பெண்கள் மலையடிவாரத்துக் கிணற்றுக்கு இறங்கி ஏறிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு ஜெனரேட்டரை டிராக்டரில் கட்டி இழுத்துப் பார்த்தார்களாம். ஏற்றத்தில் டிராக்டரின் முன்பக்கம் தூக்கிக்கொண்டது, பயந்துபோய்த் திரும்பிவிட்டார்கள்.

"பாதைய பாக்காம நான் ஒத்துக்க மாட்டேன்" என்றாள் அவள்.

அன்றைக்கே போனோம். ஜீப்பை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு முழுப் பாதையையும் நடந்து பார்த்தாள். கல்லும் சரளையுமாக ஏறுகிற பாதை, நடுவில் ஒரு கொண்டை ஊசி வளைவு, அதன் ஒரு பக்கம் பள்ளம். திரும்பி இறங்கி வந்து, பெரிய கற்களைப் புரட்டிவிடச் சொன்னாள், வளைவில் குழிகளை நிரப்பச் சொன்னாள். ஊரே வேலை செய்தது.

மறுநாள் ஜெனரேட்டரோடு போனோம். டீசலை டின்களில் தனியாக எடுத்துத் தலைச்சுமையாக மேலே அனுப்பினாள். நாலு இளவட்டங்கள் டிரெய்லர்மேல் ஏறிக்கொண்டார்கள். "மேல ஆள் நின்னா டயரு நல்லா புடிக்கும்க்கா" என்றான் ஒருவன்.

"எறங்கு. டிரெய்லர்ல ஆள ஏத்தக்கூடாதுன்னு சட்டம் இருக்குது. சட்டம் இல்லனாலும் ஏத்த மாட்டேன். வண்டி சாஞ்சா முதல்ல நீதான் அடியில கெடப்ப." அவர்கள் இறங்கினார்கள். சுற்றி நின்ற ஆண்களையும் பெண்களையும் பார்த்து, "ஆளுக்கு ஒரு நல்ல கல்லு எடுத்துக்கோங்க. பக்கவாட்டுல நடந்து வாங்க, நேர் பின்னாடி யாரும் வரக்கூடாது. நான் கல்லுன்னு சொன்னா சக்கரத்துக்குப் பின்னாடி வெச்சிட்டு ஒதுங்கிடணும்."

இறக்கத்தில் பிடிக்கிற பிரேக், ஏற்றத்தில் டிரெய்லர் பின்னுக்கு இழுத்தால் பிடிக்காது. அதற்குத்தான் கல். நான் டிரெய்லரின் ஒரு சக்கரத்தோரம், முட்டுக் கொடுக்கிற கட்டையோடு நடந்தேன்.

அவள் ஃபோர் வீல் போட்டு, சின்ன கியரில் ஜீப்பை எடுத்தாள். அது ஏறியது என்று சொல்வதைவிட நடந்தது என்று சொல்லலாம். ஒரு கிழவர் எங்களுக்கு முன்னால் கைத்தடி ஊன்றிப் போய்க்கொண்டிருந்தார், அவரை நாங்கள் முந்தவே இல்லை. வளைவில் ஜீப்பின் பின்சக்கரம் ஒன்று சரளையில் சுழன்றது. வண்டி நின்று, ஒரு முழம் பின்னால் நழுவியது. "கல்லு!" என்று கத்தினாள். நான் கட்டையைத் திணித்தேன். பெண்களும் ஆண்களும் தபதபவென்று கல்லை வைத்துவிட்டு ஒதுங்கினார்கள். டிரெய்லர் கல்லில் ஏறப்பார்த்து, நின்றுவிட்டது. பள்ளத்துப் பக்கம் நான் பார்க்கவில்லை.

அவள் கைபிரேக் போட்டு இறங்கி வந்து, சக்கரத்துக்கு முன்னால் இருந்த சரளையைத் தானே காலால் ஒதுக்கினாள். ஒருவர் கொண்டுவந்த கோணிச்சாக்குகளை அங்கே விரித்தாள். என்னைப் பார்த்து, "கட்டைய இப்டியே புடிச்சிக்கோ மாமா, ஒண்ணும் ஆகாது" என்றாள். ஏறி உட்கார்ந்தாள். ஜீப் முனகிக்கொண்டே சாக்கைக் கடித்து, வளைவைத் தாண்டியது.

உச்சிப் பொழுதில் மோட்டார் ஓடியது. தொட்டிக்குள் முதலில் காற்றும் செம்மண் தண்ணீரும் சீறிக் கொட்டியது, பிறகு தெளிந்தது. குடங்கள் வரிசையில் நின்றன. குழந்தைகள் தொட்டியடியில் ஒழுகிய தண்ணீரில் மிதித்து விளையாடினார்கள். ஒரு பெண் முதல் குடத்தைக் கொண்டுவந்து என் மனைவியின் காலடியில் ஊற்றப் போனாள். "அய்யோ, கொட்டிடாதம்மா, குடிக்கக் குடு" என்று அவள் கையேந்தி வாங்கிக் குடித்தாள்.

புது டிரான்ஸ்பார்மர் வரும்வரை அங்கேயே தங்கினோம். பள்ளிக்கூடத்தில் படுக்கை, ஒவ்வொரு வேளையும் ஒரு வீட்டில் சோறு. அந்த ஊர்க்காரர்கள் எங்களை எந்தத் தெரு, எந்த ஜாதி என்று கேட்கவில்லை. வேறெங்கும் அதைக் கேட்காமல் இருந்ததில்லை என்பதால் சொல்கிறேன்.

இறங்கின நாள்தான் எனக்கு அதிகம் பயம். ஏறின பாரம் முழுவதும் இப்போது முதுகில் வந்து தள்ளும். அவள் இறக்கம் தொடங்குமுன்பே சின்ன கியரில் போட்டுக்கொண்டாள். கிளட்சில் கால் வைக்கவே இல்லை, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு வந்தது. டிரெய்லர் முட்டும்போதெல்லாம் அதன் பிரேக் கிரீச்சிட்டது. வளைவில் மட்டும் நின்று, இறங்கிப் பார்த்து, மறுபடி எடுத்தாள். தார் ரோட்டுக்கு வந்ததும் ஃபோர் வீலை எடுத்துவிட்டு, ஒரு டீக்கடையில் நிறுத்தினாள்.

டீ கிளாஸை வாங்கும்போதே பாதி டீயைப் புடவையில் சிந்திக்கொண்டாள். நான் கிளாஸை வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பயந்துட்டியா?"

"பின்ன? மேல போவும்போதும் பயம்தான், வரும்போதும் பயம்தான். பயம் இல்லாதவன் கையில இந்த வண்டிய குடுத்துடுவியா நீ?" என்றாள்.

இத்தனை நாள் கூடவே இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. பயமே இல்லாதவள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே மலையேறி இறங்கியிருக்கிறாள் என்று தெரிந்தபோது, அவள்மேல் இருந்த மரியாதை இன்னும் கூடியது.

அந்தக் கோடையில் அதேமாதிரி இன்னும் சில ஊர்கள் கூப்பிட்டன. பாதையைப் பார்த்துவிட்டு இரண்டுக்கு முடியாது என்று சொல்லிவிட்டாள், மற்றவற்றுக்குப் போனோம். அடுத்த சீசனுக்கு நான் ஃபேக்டரிக்குப் போகவில்லை. இரண்டாவது டிரெய்லர் வாங்கினோம். ஆர்டர் பேசுவதும் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை, ஓட்டுவது அவள். மண்டபத்து வாசலில் ஜீப் வந்து நிற்கும்போது, உள்ளே சமையல்காரர்களும் மேளக்காரர்களும் "அக்கா வந்துட்டாங்க, இனிமே கரெண்டு போனா போவட்டும்" என்பார்கள். அவள் அதைக் கேட்டும் கேளாததுபோல, சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொண்டிருப்பாள்.