ஒரு மைல் காற்று

சைக்கிள் ஓட்டிச் சம்பளம் வாங்கினேன் என்று சொன்னால் இன்றைக்கும் பலர் என்னைத் தபால்காரன் என்றுதான் நினைக்கிறார்கள். என் மாமனாரும் அப்படித்தான் நினைத்திருந்தார். சர்க்கார் உத்தியோகம் என்று நம்பிப் பெண்ணைக் கொடுத்துவிட்டு, பிறகு ரொம்ப நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் பந்தயக்காரன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் சென்னையில் ஒரு சைக்கிள் கம்பெனிக்காக ஓட்டினேன். பெங்களூர், கொழும்பு என்று அவர்கள் அனுப்பிய ஊருக்கெல்லாம் கம்பெனிப் பனியனைப் போட்டுக்கொண்டு போய் வந்தேன். அந்த வாழ்க்கை எனக்குக் கிடைத்த விதம் அவ்வளவு யோக்கியமானதல்ல.

சாரல் காலத்தில் குற்றாலத்தில் கூட்டம் நெரியும். கூட்டம் இருக்கும் இடத்தில் சைக்கிள் விற்கும் என்று கணக்குப் போட்டு, தென்காசிக் கடைக்காரர் ஒருவர் ஆனிக் கடைசியில் பந்தயம் வைப்பார். தென்காசியில் கிளம்பி, செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை அடிவாரம் வரை போய், திரும்பி வந்து குற்றாலம் கடைத்தெருவில் முடிக்க வேண்டும். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சீமை. சுங்கச் சாவடிக்காரர்கள் அன்று ஒரு நாள் மட்டும் தடுப்புக் கம்பைத் தூக்கி வைத்துவிட்டு எங்களை வேடிக்கை பார்ப்பார்கள்.

போகும்போது மலைக் கணவாய்க் காற்று நேராக முகத்தில் அடிக்கும். தனியாக மிதிப்பவன் பாதி வழியிலேயே செத்தான். அதனால் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொள்வோம். ஒருவர் முன்னால் போய்க் காற்றை வாங்க, மற்றவர் அவருடைய பின்சக்கரத்தை ஒட்டியே வருவார். ஒவ்வொரு மைல்கல் வந்ததும் பின்னால் வருபவர் தானாக முன்னே போக வேண்டும். யாரும் யாரையும் கூப்பிட மாட்டோம். உன் முறை வந்துவிட்டது என்று ஞாபகப்படுத்துவதே கௌரவக் குறைவு.

என்னோடு சேர்ந்து ஓட்டியவர் பக்கத்துக் கடையம் ஊர்க்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், என்னைவிட நல்ல ஓட்டக்காரர். இதை அப்போது நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. அடிவாரம் வரை சேர்ந்து போவது, திரும்பிய பிறகு அவரவர் பாடு என்பது எங்கள் ஏற்பாடு.

அந்த வருஷம், ஜெயிப்பவனைச் சென்னைக் கம்பெனியில் சேர்த்துவிடுவதாகக் கடைக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டு பேருக்கும் அதுதான் வேண்டும். ஊரில் இருந்தால் எனக்கு அப்பாவின் வயலும் அண்ணன்மாரின் அதட்டலும்தான்.

அடிவாரத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது அவர் முன்னால் இருந்தார். சாரல் ஊசி ஊசியாகக் கண்ணில் குத்தியது. மைல்கல் வந்தது. அப்போதுதான் வெள்ளையடித்திருந்தார்கள், பளிச்சென்று தெரிந்தது. முன்னே போக வேண்டியது நான். காலில் தெம்பு இருந்தது, மூச்சும் சீராக இருந்தது. ஆனாலும் போகவில்லை. அவர் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தார். கல்லை அவர் பார்க்கவில்லை, கேட்டால் நானும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்று மனசுக்குள் பதில்கூடத் தயார் செய்துகொண்டேன். அந்த ஒரு மைல் காற்று முழுவதையும் அவரே வாங்கினார்.

திரும்பியதும் நான் பாய்ந்தேன். குற்றாலத்தில் இரண்டு சைக்கிள் நீளத்தில் ஜெயித்தேன். அவர் இறங்கி வந்து என் தோளைத் தட்டி, "நல்லா மிதிச்சேலே" என்றார். அடுத்த வாரம் நான் ரயிலேறினேன்.

சென்னையில் கோப்பை வாங்கிய நாட்களில்கூட அந்த வெள்ளைக் கல் சுருக்கென்று ஞாபகம் வரும். பிறகு யுத்தம் வந்தது. டயர் கிடைக்கவில்லை, பந்தயங்கள் நின்றன, கம்பெனி எங்களை வீட்டுக்கு அனுப்பியது. ஊருக்கு வந்த அந்தச் சாரலில் பேரருவிக்குக் குளிக்கப் போனேன். ஈரத் துண்டோடு எதிரே வந்தார் கடையத்துக்காரர். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. கூட அவருடைய மச்சினன் இருந்தார்.

"ஏலே, நீயா!" என்று கட்டிக்கொண்டார். மச்சினனிடம் திரும்பி, "நான் சொல்லுவம்லா, மெட்ராஸ்ல போயிப் பேரெடுத்தவன்னு? இவன்தான். இவன அனுப்பிச்சது யாருங்கே, நாந்தான். அன்னைக்குக் கல்லு வந்திட்டு, இவன் முன்ன வரல. பயலுக்கு மூச்சு முட்டுது போல, இன்னொரு கல்லு தாங்கினாத் தேறிருவான்னு நானே இழுத்துட்டுப் போனேன்" என்றார்.

அவர் கல்லைப் பார்த்திருக்கிறார். இத்தனை வருஷப் பாரத்தை அந்த நிமிஷமே இறக்கிவிட வேண்டும் என்று தோன்றியது. என்னுடைய நிம்மதியை மட்டுமே நினைத்தேன்.

"அண்ணாச்சி, எனக்கு அன்னைக்கு மூச்சு முட்டல. கல்லப் பாத்துட்டுத்தான் பின்னாலயே இருந்தேன்."

மச்சினன் சிரித்துவிட்டார். "நல்லா ஏமாந்தீரு அத்தான்" என்றார்.

அவர் சிரிக்கவில்லை. துண்டைப் பிழிந்தார். அதில் பிழிய ஒன்றும் இல்லாதபோதும் பிழிந்துகொண்டே இருந்தார்.

"அத இப்ப எதுக்குலே சொல்லுதே?" என்று கேட்டார்.

சென்னையை நான் எடுத்துக்கொண்டேன். என்னைத் தாங்கினோம் என்ற பெருமை ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியிருந்தது, மச்சினன் முன்னால் அதையும் பிடுங்கிவிட்டேன். அவர் மச்சினனைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.