காற்று குடித்த தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை, ரயில் கடம்பூர் தாண்டும்போது கல்லூரியிலிருந்து போன் வந்தது. "ஜெபமணி அண்ணாச்சி போயிட்டாவ மேடம்." மாரடைப்பாம். எங்கள் மருந்தியல் ஆய்வகத்தில் அவர் டெக்னீஷியன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எனக்கும் அவருக்கும் நடந்த சண்டை தெரிந்திருக்காது.

மூளைக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் அது வீங்கும். பக்கவாதம் வந்தவர்கள் பலரின் உயிரை எடுப்பது அந்த வீக்கம்தான். அதைக் குறைக்கும் என்று நம்பிய ஒரு மருந்தை எலிகளில் சோதிப்பதே என் முனைவர் பட்ட ஆய்வு. எலியின் மூளையை ஈரத்தோடு எடைபோட்டு, ஓவனில் உலர்த்தி மறுபடி எடைபோட்டால், எவ்வளவு நீர் கோத்திருந்தது என்று தெரிந்துவிடும். மருந்து கொடுத்த எலிகளுக்கு நீர் குறைவாக இருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆய்வேட்டையும் பாதி எழுதிவிட்டேன்.

அண்ணாச்சிக்கு மட்டும் அதில் சந்தேகம். கல்லூரிக்கு வருமுன் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி காயப்போட்டவர். கோவில்பட்டிக் காற்றின் குணம் அறிந்தவர். ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, மருந்தே தொடாத ஒரு மூளையைத் தராசில் வைத்து மூடாமல் விட்டார்.

"தராசுல உள்ள நம்பரையே பாருங்க மேடம்."

எங்கள் கண்முன்னே எடை இறங்கிக்கொண்டே போனது.

"மருந்து போடாத எலிய மொதல்ல நிறுக்குதீங்க. மருந்து போட்டது கடைசி வரைக்கும் தட்டுல தொறந்து கெடக்கு. தண்ணிய மருந்தா கொறச்சுது? காத்துல்லா குடிச்சிருக்கு!"

அந்த வரிசையை வைத்தவள் நான்தான். ஆனாலும் ஆத்திரமெல்லாம் அவர்மேல் வந்தது. "மூணு வருஷ உழைப்பு அண்ணாச்சி, உங்களுக்கென்ன!" என்று கத்தினேன்.

"உழைப்பு நம்மது. முழுங்கப்போறது நோயாளில்லா?" என்றார்.

மறுபடி செய்தோம். தட்டுகளை மூடினோம். எந்த எலிக்கு மருந்து என்று எனக்கே தெரியாதபடி அவர் எண் போட்டுத் தந்தார். கடைசியில் பார்த்தால், மருந்து போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசமே இல்லை. இரண்டு வாரம் அவரிடம் நான் முகங்கொடுத்துப் பேசவில்லை. அவரோ மேசையில் கடலைமிட்டாயை வைத்துவிட்டு, "கோவத்தோட தின்னாலும் இனிக்கத்தான் செய்யும்" என்று போவார். பாவி மனுஷன், சிரிக்க வைத்துவிடுவார்.

'இம்மருந்து வீக்கத்தைக் குறைக்கவில்லை' என்றே ஆய்வேட்டில் எழுதினேன். பட்டம் தாமதமாக வந்தது. நன்றியுரையில் அவர் பெயரைப் போட்டேனே தவிர, கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. இனிக் கேட்க ஆளில்லை.

நான் ஆசைப்பட்ட முடிவு கைக்கு வந்தால், முதலில் அதைத்தான் சந்தேகப்படுகிறேன். அவர் எனக்கு விட்டுப்போனது அது. 'பலனில்லை' என்று வந்தால், இப்போது அதை அப்படியே எழுதிவிடுகிறேன்.