எவால்டின் சுழலும் கிறிஸ்துமஸ் மரம்

சில்கெபோர் நகரத்தில் எங்கள் தெருவில் எவால்டுக்கு மட்டும் சும்மா நிற்கும் எதையும் பிடிக்காது. மின்நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் பழைய பிரிண்டர்களைப் பிரித்து, உள்ளிருந்த ஸ்டெப்பர் மோட்டார்களை எடுத்து, கண்ணில் பட்டதையெல்லாம் சுழலவிட்டார். சீஸ் தட்டு சுழன்றது. பூனையின் படுக்கையும் சுழன்றது. பூனை என் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது.

"இந்த வீட்ல சுத்தாம இருக்கறது நான் ஒருத்திதான்" என்பாள் மனைவி இங்கெலிஸ.

"கொஞ்சம் பொறு."

கிறிஸ்துமஸ் வந்தது. கைகோத்துப் பாடியபடி மரத்தைச் சுற்றுவதுதான் எங்கள் வழக்கம். ஒரு மரம் சுழன்றால் போதாதா, குடும்பமே ஏன் சுழல வேண்டும் என்பது எவால்டின் கட்சி.

முதல் சோதனைக்கு என்னைக் கூப்பிட்டார். விசையைப் போட்டதும் மரம் நகரவில்லை. குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கி இலையைக் கொட்டியது.

"எடுத்த எடுப்புல ஓடச் சொன்னா இந்த மோட்டார் ஓடாது. அடி அடியா வச்சுத்தான் வேகம் பிடிக்கும்" என்று விளக்கினார். பிறகு அப்படியே ஓடச் செய்தார்.

பண்டிகை மாலை, தனி ஆளென்று என்னையும் விருந்துக்கு அழைத்தார்கள். வாத்துக்கறி முடிந்தது. விளக்குகளை அணைத்து, மரக்கிளைகளில் இருந்த மெழுகுவர்த்திகளை ஏற்றினார்கள். இங்கெலிஸவின் தம்பி டோர்பென், துணிக்கடைக்காரர், புது சூட்டில் எழுந்து, மரத்தைச் சுற்றக் கையை நீட்டினார்.

"உட்காருங்க மச்சான். இனி மரமே உங்களுக்குச் சுத்திக் காட்டும்."

"அப்ப பாட்டையும் அதுவே பாடிடுமா அத்தான்?"

மரம் அலுங்காமல் சுழன்றது. எல்லோரும் "அடடா" என்றார்கள். அந்த ஒரு "அடடா"வோடு எவால்ட் நிறுத்தியிருக்கலாம். வேகத்தைக் கூட்டினார். சுடர்கள் ஒரே பக்கம் சாய்ந்து அணைந்தன; உருகிய மெழுகு தெறித்து டோர்பெனின் சூட்டில் வரிசையாகப் பொத்தான் வைத்தது.

இங்கெலிஸ பிளக்கைப் பிடுங்கினாள். இருட்டில் யாரோ சிரித்தார்கள், அவளேதான்.

"போதும். கையைக் குடு, கிழவா" என்றாள்.

எவால்ட் கொடுத்தார். இருட்டில் நாங்கள் சுற்றினோம், பாடினோம். அவர் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

மறுநாள் சூட்டுக்குச் சண்டை வரும் என்று எவால்ட் பயந்துகொண்டிருந்தபோது டோர்பென் தொலைபேசியில் அழைத்தார். குரலைத் தாழ்த்தி, "அத்தான், கடைக் கண்ணாடிக்குள்ள ஒரு பொம்மை சும்மாவே நிக்குது. அதையும்..." என்றார்.

அவர் முடிப்பதற்குள் எவால்ட் தன் கோட்டை மாட்டிக்கொண்டுவிட்டார்.

போன வாரம் கடைப்பக்கம் போனேன். பொம்மை பிரமாதமாகச் சுழல்கிறது. அது போட்டிருக்கும் கால்சட்டையின் விலையைத்தான் யாராலும் படிக்க முடியவில்லை.