மாமாவின் ஜானவாசக் கார்

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையை ஊர்வலமாக அழைத்துவர, ஊரில் எல்லோரும் திறந்த கார் ஒன்றை வாடகைக்குப் பிடிப்பார்கள். மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு ஏறி உட்கார, குழந்தைகள் தொற்றிக்கொள்ள, நாகஸ்வரத்தின் பின்னால் அது ஊர்ந்து போகும். எங்கள் சித்தியின் ஜானவாசத்துக்கு மட்டும் வாடகைக் கார் கூடாது என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். அவரிடம்தான் சொந்தமாகவே ஒன்று இருந்ததே.

இங்கிலாந்தில் செய்த கார். கூரை கிடையாது, இரண்டே சீட்டு, என் அப்பாவின் வயது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் வருஷக்கணக்கில் கிடந்தது. எங்களோடேயே இருந்த மாமா, கிண்டியில் வேலை முடிந்து வந்ததும் அதற்குள் தலையை விட்டுக்கொள்வார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் அதில் இரட்டை. இரண்டையும் பிரித்து, அம்மாவின் எவர்சில்வர் அடுக்கில் பெட்ரோல் ஊற்றி ஊறப்போடுவார். அதற்கப்புறம் அந்த அடுக்கில் தோய்த்த தயிரை வீட்டில் யாரும் தொடவில்லை. அம்மா கத்துவாள், ஆனால் தாத்தா போன பிறகு சித்திக்கு எல்லாம் தன் தம்பிதான் என்பதால் ஓரளவுக்கு மேல் போகமாட்டாள்.

கல்யாணம் நெருங்கியபோது மாமாவுக்கு அந்த இரட்டையும் போதவில்லை. யாரையோ பிடித்து, வெளிநாட்டிலிருந்து பெரிய கார்புரேட்டர் ஒன்றை வரவழைத்து மாட்டினார். கடற்கரைச் சாலையில் என்னை வைத்து ஓட்டியதில் என் தலை ரிப்பன் பறந்தே போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் ஒருவர் விடாமல் பிடித்துவைத்துப் பீற்றிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை, மாமா உட்பட. அந்தப் பெரிய கார்புரேட்டர் வேகத்துக்கென்றே செய்தது. ஆமை மாதிரி நகர்த்தினால் இன்ஜின் குடிக்க முடியாத பெட்ரோலில் திணறிப்போகும். ஜானவாசமோ நாகஸ்வரக்காரர் நடக்கிற வேகத்தில்தான் போகும்.

மயிலாப்பூரில் கோயில் வாசலிலிருந்து மண்டபத்துக்குக் கிளம்பினோம். பட்டு வேட்டியில் மாமா ஸ்டியரிங்கைப் பிடிக்க, பக்கத்தில் மாப்பிள்ளை. இருவருக்கும் பின்னால், பெட்டி வைக்கிற இடுக்கில், பின்பக்கம் பார்த்தபடி பட்டுப்பாவாடையில் நான். தெப்பக்குளத்து மூலை திரும்புவதற்குள் கார் இருமியது. கரும்புகை கிளம்பியது. அப்புறம் அடியோடு நின்றுவிட்டது. மாமா பானட்டைத் திறந்து குனிந்தார், வேட்டியெல்லாம் கரி. ஸ்டார்ட்டரை இழுத்து இழுத்து பாட்டரியும் போயிற்று. பெட்ரோல் நாற்றத்துக்குப் பயந்து விளக்குத் தூக்கியவர்கள் தள்ளிப் போய்விட, நாகஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்.

பின்னால் மாட்டிக்கொண்ட ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். “இன்னா சார், வண்டி ஒரேடியா படுத்துக்கிச்சா? தள்ளிக்கினே போய்டலாம், நாங்க கீறோம்” என்றார்.

வேறு வழியில்லை. கழுத்தில் மாலையோடு மாப்பிள்ளை ஸ்டியரிங்கைப் பிடித்தார். மாமா பின்னாலிருந்து தள்ளினார். அவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. நெற்றிச் சந்தனம் வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது. சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “மாப்பிள்ளையை அழைச்சுண்டு போறேன்னேள். கடைசியில அவரையே டிரைவராக்கிட்டேளே.”

தெருவே கொல்லென்று சிரித்தது. மாமாவும் சிரித்தார். அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. பாவாடையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். வீடியோக்காரர் அதையும் விடாமல் எடுத்தார். அந்தக் காசெட்டை யார் போட்டாலும் நான் எழுந்து போய்விடுவேன்.

மறுநாள் சித்தி கழுத்தில் தாலி ஏறியது. சம்பந்திகள் முறைத்துக்கொள்ளவில்லை. மாமா மட்டும் போட்டோவுக்கு வராமல் பந்தியிலேயே நின்றுகொண்டார்.

அடுத்த வாரமே பெரிய கார்புரேட்டரைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டு, பழைய இரட்டையை மறுபடி அடுக்கில் ஊறப்போட்டார். எனக்கு நிஜமாகவே மானம் போனது அதற்குப் பிறகுதான். கார் இனிமேல் பறக்காது என்பதோடு விட்டதா? ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னைத் தெருவில் முன்னால் நடக்கவிட்டு, மாமா பின்னாலேயே என் நடை வேகத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டு வருவார். அது கொஞ்சம் திணறினால் நிறுத்தி, கார்புரேட்டர் ஸ்குரூவை லேசாகத் திருகிவிட்டு, மறுபடி நட என்பார். எதிர்வீட்டுப் பையன்கள் கையைக் குவித்து வாயில் வைத்துப் பீப்பீ என்று நாகஸ்வரம் ஊதுவார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

ஒருநாள் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். “இனிமே எதுக்கு மாமா இது? சித்திக்குத்தான் கல்யாணம் ஆயிடுத்தே.”

“ஆயிடுத்துடி. நீ பாட்டுக்கு மெதுவா நட” என்றார்.

அவமானத்தில் மாமாவுக்கு மூளை குழம்பிவிட்டது என்றே நினைத்தேன். அந்த வீட்டில் கல்யாணத்துக்கு இன்னும் ஒரு பெண் பாக்கி இருக்கிறாள் என்பது ஒன்பது வயதில் எனக்கு எங்கே தெரியும்.