டாக்டருக்குப் பின்னால் நின்றவள்

இதை இட்டுக்கட்டிச் சொல்லவில்லை, கண்ணுகளா. என் வீட்டுக் கூடத்தில், பட்டப்பகலில், இந்தக் கண்ணால் பார்த்தது. பயந்த சுபாவம் உள்ளவர்கள் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

தொற்றுநோய்க் காலம். வாசலைத் தாண்ட முடியாது. என் வீட்டுக்காரருக்கு இதயம் பலவீனம். வாராவாரம் செல்போன் திரையில் டாக்டர் முகத்தைப் பார்த்துத்தான் வைத்தியம். அந்த டாக்டருக்கு ஒரு வழக்கம். நாம் பேச ஆரம்பித்ததும் நம் சத்தத்தை அடைத்துவிடுவார். திரையில் மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு விழும். பேசி முடித்ததும் கோட்டை எடுத்துவிட்டு, "அதே மாத்திரை" என்பார்.

"உன் வாயை அடைக்க வழி கண்டுபிடிச்சிட்டாருடி. இத்தனை வருஷமா எனக்குத் தோணலையே" என்று இவர் சிரிப்பார்.

அந்த வாரம் இவர் சிரிக்கவில்லை. இரண்டு காலும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. மதியம் மூன்று மணிக்கு டாக்டர் திரையில் வந்தார்.

அவருக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள்.

நர்ஸ் என்று நினைத்தேன். ஆனால் கசங்கிய நைட்டி... கலைந்த தலை. வாய் ஓயாமல் அசைந்தது. சத்தமே இல்லை.

"டாக்டர், இவருக்குக் கால்..."

சிவப்புக் கோடு.

போனை இவர் காலுக்கு நேராகப் பிடித்தேன். டாக்டர் பார்க்கவில்லை.

அவள் பார்த்தாள். அவர் தோள்மேல் முகத்தை வைத்து, குனிந்து... பார்த்தாள்.

டாக்டர் வாயைத் திறந்தார். வந்தது பெண் குரல்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா. இவனை நம்பி உக்காராதீங்க."

டாக்டர் தன் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். வாய் மறுபடி தானாகத் திறந்தது.

"நான் கத்துனேனே... கேட்டியாடா நீ?"

அது எனக்குச் சொன்னதல்ல.

களக்... களக்...

டாக்டரின் தொண்டைக்குள் தண்ணீர்ச் சத்தம்.

திரை இருண்டது.

உடனே போன் செய்தேன். அரைமணி நேரத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. "நுரையீரல்ல நீர் கோத்திருக்கும்மா. இன்னைக்கு விட்டிருந்தா பிழைச்சிருக்க மாட்டாரு" என்றார் ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர். இவர் பிழைத்துக்கொண்டார்.

வீடு திரும்பியதும் கிளினிக் நர்ஸுக்குப் போன் செய்து, அந்தப் பெண் யார் என்று கேட்டேன்.

"அவர் ரூம்ல யாரும் இல்லையேம்மா... எப்படி இருந்தாங்க?"

சொன்னேன். நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"போன மாசம் ஒரு அம்மா, அதே நைட்டி, அதே கால் வீக்கம். டாக்டர் அவங்க சத்தத்தை அடைச்சிட்டு சாப்பிடப் போயிட்டாரு. அவங்க திரையிலேயே மூச்சு முட்டி..."

"டாக்டர் இப்ப எப்படி இருக்காரு?"

"உங்களுக்குத் தெரியாதா? உங்ககிட்ட பேசின அன்னைக்குச் சாயங்காலம் அவர் ரூம் கதவை உடைச்சுத்தான் உள்ளே போனோம். ஒரு நோவும் இல்லாத மனுஷன்மா. நாற்காலியில உக்காந்தபடியே போயிட்டாரு. கால் ரெண்டும் வீங்கிக் கிடந்துச்சு... ஷூவை வெட்டித்தான் எடுத்தோம்."