சாலவாக்கம் சாலையில் ஊளையிட்ட வேன்

பேரனுக்கு முடியிறக்கத் திருப்புட்குழிப் பெருமாளிடம் போகிறோம். உச்சிவேளைக்கு நடை சாத்துவதற்குள் சேர வேண்டும். சாலவாக்கம் தாண்டி, வண்டிகள் மிதிக்கட்டும் என்று சாலையில் பரப்பியிருந்த கொள்ளுச்செடி மேல் ஏறி இறங்கியதும் எங்கள் பழைய வேன் ஊளையிடுகிறது. வேகம் கூடினால் ஊளையும் கூடுகிறது. நியூட்ரலில் உருட்டிப் பார்க்கிறேன், அப்போதும் நிற்கவில்லை. ஆக, கோளாறு கியர்பாக்ஸில் இல்லை. பின்னால் அச்சிலிருக்கும் கிரவுன் பல்சக்கரம்தான் போய்விட்டது. பெருமாளே, இன்றைக்கா?

ஓரங்கட்டுகிறேன். கொள்ளைப் புரட்டிக்கொண்டிருந்த அம்மாள் வருகிறாள்.

"இன்னா நைனா, வண்டி இப்டி அழுவுது?"

"கிரவுன் போச்சும்மா."

"அத்த அப்பால பாக்கலாம். மொதல்ல குனிஞ்சி பாரு. என் செடியில பாதி உன் வண்டிக்கு அடியிலதான் கீது."

படுத்துப் பார்க்கிறேன். பின்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டில் கொள்ளுக்கொடி தாம்புக்கயிறு போல இறுகச் சுற்றியிருக்கிறது. அவள் தந்த அறுவாளால் அறுத்து இழுக்கிறேன். ஒரு கூடை தேறுகிறது.

"தூர எறியாத, அதுல அரைப்படி கொள்ளு கீது!" என்று பிடுங்கிக்கொள்கிறாள். "கூலி வாங்காம மிதிச்சிக் குட்த்துட்ட. போ, சாமி காத்துக்கினு இருக்கும்."

கையெடுத்துக் கும்பிட்டு வண்டியை எடுக்கிறேன். முள் அறுபதைத் தொடுகிறது. வேனுக்குள் எங்கள் 'கோவிந்தா' மட்டும்தான் கேட்கிறது.